மானிட்டர் இல்லாத பெட்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டர் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: கரண்ட் கொடுத்ததும் பெட்டி தானாகவே நெட்டில் சேர வேண்டும், தனக்கு வேண்டிய பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) தானே நிறுவிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். லினக்ஸ் ஓரளவு தெரியும். எங்கள் பக்கம் பத்து ஊர்களில் பல்க் கூலர் (பாலைக் குளிரவைக்கும் தொட்டி) இருக்கிறது. பாலின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ வாங்கியிருக்கிறோம். ஊர் ஊராக மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கார்டைச் செருகி கரண்ட் கொடுத்தால் வேலை ஆரம்பித்துவிட வேண்டும். அடிக்கடி கரண்ட் போகிற இடங்கள் வேறு. ஆல்பைன் லினக்ஸ் சரிவரும் என்கிறார் நண்பர். உண்மையா? (திருவண்ணாமலை மாவட்ட வாசகர்)

பதில்: சரிவரும். கரண்ட் அடிக்கடி போகும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு காரணத்துக்காகவே நானும் ஆல்பைனைத்தான் சொல்வேன். வழக்கமான லினக்ஸ் எஸ்டி கார்டில் ஓயாமல் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதுகிற நேரம் பார்த்து கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம். அடுத்த தடவை பூட் ஆகாது. ஆல்பைனில் ‘டிஸ்க்லெஸ்’ என்று ஒரு முறை உண்டு. பூட் ஆகும்போது வேண்டியதையெல்லாம் கார்டிலிருந்து ரேமுக்கு ஏற்றிக்கொண்டு, அப்புறம் கார்டைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்களாகச் சேமிக்கச் சொன்னால்தான் எழுதும். உங்கள் ஜீரோ 2 டபிள்யூவில் ரேம் 512 எம்பிதான். ஆனால் ஆல்பைனில் சி லைப்ரரி மஸ்ல், கட்டளைகள் பிஸிபாக்ஸ், சர்வீஸ்களை ஓட்டுவது ஓப்பன்ஆர்சி, எல்லாமே சின்னவை. அந்த 512 எம்பி தாராளம்.

இந்தச் சேமிக்கிற முறையில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ‘எல்பியூ கமிட்’ என்று அடித்தால், அமைப்புகள் இருக்கும் ‘ஈடிசி’ ஃபோல்டரில் நீங்கள் மாற்றியதையெல்லாம் சுருட்டி ஒரே டார் கோப்பாகக் கார்டில் வைக்கும். பெட்டியின் பெயர்தான் கோப்பின் முதல் பாதி. பின்பாதி எப்போதும் ‘ஏபிகேஓவிஎல்.டார்.ஜிஇசட்’. அடுத்த பூட்டில் ஆல்பைன் இந்த வாலைக் கொண்ட கோப்பைத் தேடும்; கண்டால் விரித்துப் போட்டுக்கொள்ளும். வைஃபை பாஸ்வேர்டு, பெட்டியின் பெயர், எந்தெந்த சர்வீஸ் ஓட வேண்டும், எந்தெந்த பேக்கேஜ் வேண்டும், எல்லாமே அதற்குள் வந்துவிடும். பேக்கேஜ் பட்டியல் ஈடிசிக்குள் ‘ஏபிகே’ ஃபோல்டரில் ‘வேர்ல்டு’ என்ற கோப்பு. வரிக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். இந்த டார் கோப்பை அந்தந்தப் பெட்டிதான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் மேசையில் செய்து கார்டில் வைத்துவிட்டால், அந்தப் பெட்டி தன் முதல் பூட்டிலேயே அதை எடுத்துக்கொள்ளும்.

இங்கே என் பிடிவாதம் ஒன்று. பேக்கேஜ்களைக் களத்தில் போய் டவுன்லோடு செய்ய விடாதீர்கள். வேர்ல்டில் இருப்பவை நிறுவப்படுவது பூட்டின் தொடக்கத்திலேயே. அப்போது வைஃபை இன்னும் எழுந்திருக்கவே இருக்காது. கார்டில் இருக்கும் பேக்கேஜ்தான் ஏறும், இல்லாதது ஏறாது. ஸ்கிரிப்ட் எழுதி அப்புறமாக டவுன்லோடு செய்யலாம்தான். ஆனால் கூலர் அறையில் சிக்னல் ஒரு கோடு காட்டும்போது, பத்து ஊரில் பத்து விதமாகத் தோற்கும் ஒரு வேலையை ஏன் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்? மேசையில் முடியக்கூடியதை மேசையில் முடித்துவிடுங்கள். அந்தப் பெட்டி அந்த ஊரில் எழுந்தபிறகுதான் தெரியவரும் என்பதை மட்டும் முதல் பூட்டுக்கு விடுங்கள்.

அதனால் ஒரு தாய்க் கார்டு செய்யுங்கள். கார்டின் முதல் பார்ட்டிஷனை எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்து, ஆல்பைனின் ராஸ்பெர்ரி பை டார் கோப்பை அதில் விரியுங்கள். அலுவலகத்தில் ஒரே ஒரு தடவை மானிட்டர், கீபோர்டு மாட்டி பூட் செய்து ‘செட்டப்-ஆல்பைன்’ ஓட்டுங்கள். கேள்விகளாகக் கேட்கும். கடைசியில் சேமிக்கும் இடத்தையும் கேஷ் இடத்தையும் கேட்கும்போது இரண்டுக்கும் கார்டையே காட்டுங்கள். இந்த கேஷ்தான் முக்கியம். இதற்குப் பிறகு ‘ஏபிகே ஆட்’ போட்டு நிறுவுகிற ஒவ்வொரு பேக்கேஜும் கார்டில் ஒரு பிரதி விட்டுவைக்கும். அடுத்தடுத்த பூட்டுகளுக்கு நெட்டே வேண்டாம்.

உங்கள் வேலைக்கு நிறைய பேக்கேஜ் தேவையில்லை. பைத்தான் கூட வேண்டாம். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் வைத்தால், கார்டில் ‘யூசர்சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பில் ‘டிடிஓவர்லே’ வரியாக ‘டபிள்யூ1-ஜிபிஐஓ’வைச் சேர்த்தால் போதும், லினக்ஸின் மையமான கெர்னலே அதைப் படித்து ஒரு கோப்பாகக் காட்டும். டேட்டா வயர் பலகையில் ஜிபிஐஓ 4 என்ற முனையில், அதற்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கோப்பின் கடைசியில் ‘டி’ போட்டு 4125 என்று இருந்தால் 4.125 டிகிரி செல்சியஸ் என்று அர்த்தம். பாலை 4 டிகிரியில் வைக்கிற உங்களுக்கு இந்த நுணுக்கம் போதும். நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட்டில் இதைப் படித்து, மொஸ்கிட்டோ-க்ளையன்ட்ஸ் பேக்கேஜை வைத்து அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடலாம். அதோடு தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழைய ஓப்பன்எஸ்எஸ்ஹெச், நேரத்துக்கு க்ரோனி, வைஃபைக்கு டபிள்யூபிஏ சப்ளிகன்ட். தீர்ந்தது.

வைஃபைக்கு ஒரு எச்சரிக்கை. ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ஊரில் இருக்கும் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பெயரைக் காட்டினால், பெட்டி தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஸ்கிரிப்ட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். எல்லா ஊர் ரவுட்டரிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் தனி நெட்வொர்க் ஒன்று திறந்து வைக்க முடிந்தால் உங்கள் வேலை பாதியாகிவிடும். முடியாவிட்டால் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பில் பத்து ஊர் பெயரையும் அடுக்கிவிடுங்கள். எது கண்ணில் படுகிறதோ அதில் சேர்ந்துகொள்ளும்.

இனி, முதல் பூட்டுக்கு என்னதான் மிச்சம்? பெட்டியின் பெயர். எஸ்எஸ்ஹெச் சாவி. “வந்துவிட்டேன்” என்று ஒரு தகவல். இந்த மூன்றே.

எஸ்எஸ்ஹெச் சாவியை முதலில் பாருங்கள். தாய்க் கார்டை அப்படியே பத்து கார்டாகப் பிரதி எடுத்தால் பத்துப் பெட்டிக்கும் ஒரே அடையாளச் சாவி. அது கூடாது. பிரதி எடுக்கும் முன் ஈடிசிக்குள் ‘எஸ்எஸ்ஹெச்’ ஃபோல்டரில் ‘எஸ்எஸ்ஹெச்_ஹோஸ்ட்’ என்று தொடங்குகிற கோப்புகளை அழித்துவிட்டு, கமிட் செய்து, உடனே அணைத்துவிடுங்கள். புதுப் பெட்டி எழும்போது சாவி இல்லாததைப் பார்த்து எஸ்எஸ்ஹெச்டி தானே புதிதாகச் செய்துகொள்ளும். ஆனால் அது ரேமில்தான் இருக்கும், ஞாபகம் வையுங்கள். முதல் பூட்டிலேயே கமிட் செய்யாவிட்டால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் புதுச் சாவி பிறக்கும். உங்கள் லேப்டாப் ஒவ்வொரு தடவையும் “இது வேறு ஆள்” என்று கத்தும். இன்னொன்று: நீங்கள் உள்ளே நுழையும் சாவி ‘ரூட்’ பயனரின் ஃபோல்டரில் இருக்கிறது. எல்பியூ தானாக எடுத்துக்கொள்வது ஈடிசியை மட்டும். ‘எல்பியூ இன்க்ளூட்’ போட்டு அந்த ஃபோல்டரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல் பூட்டு வேலையைச் செய்யும் ஸ்கிரிப்ட் ஈடிசிக்குள் ‘லோக்கல்.டி’ ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயர் ‘.ஸ்டார்ட்’ என்று முடிய வேண்டும். ஓடுவதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ‘ஆர்சி-அப்டேட் ஆட் லோக்கல்’ என்று ஒரு தடவை சொல்லிவைத்தால், மற்ற சர்வீஸ்களெல்லாம் எழுந்த பிறகு ஓப்பன்ஆர்சி அதை ஓட்டும். அதாவது ஸ்கிரிப்ட் ஓடும்போது எஸ்எஸ்ஹெச் சாவிகள் தயாராகியிருக்கும். பெயருக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக இருக்கும் வைஃபையின் எம்ஏசி முகவரியை எடுங்கள். நடுவிலிருக்கும் முக்காற்புள்ளிகளை நீக்கிவிட்டுக் கடைசி ஆறு எழுத்தைக் ‘கூலர்’ என்பதோடு ஒட்டுங்கள். ரவுட்டரின் பட்டியலிலும் அதே எம்ஏசி தெரியும் என்பதால் தேடுவது சுலபம்.

இந்தப் பெயர் மாற்றத்தில்தான் பலர் விழுகிறார்கள். பெயர் மாறினால் டார் கோப்பின் பெயரும் மாறும் அல்லவா? கார்டில் தாயின் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. வெறுமனே கமிட் செய்தால், இன்னொரு பெயரில் ஒன்று இருக்கிறதே என்று எல்பியூ மறுத்துவிடும். ‘எல்பியூ கமிட் -டி’ என்று போட்டால் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். மானிட்டர் இல்லாத இடத்தில் அந்த மறுப்பை யாரும் படிக்கப்போவதில்லை. பெட்டி சாயங்காலம் வரை நன்றாக ஓடும், கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். இந்த ஒரு எழுத்தைச் சிவப்பு மையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட்டின் வரிசை இப்படி: பெயரை வை. தன்னையே அழித்துக்கொள். கமிட் -டி. அது சரியாக முடிந்தால் விளக்கை மாற்று. விளக்கு என்றது பலகையில் இருக்கும் பச்சை எல்ஈடியை. ‘சிஸ்’ ஃபோல்டரில் ‘கிளாஸ்’, அதற்குள் ‘எல்ஈடிஸ்’, அதற்குள் பெரிய எழுத்தில் ‘ஏசிடி’ என்று இருக்கும். அதன் ‘ட்ரிகர்’ கோப்பில் ‘ஹார்ட்பீட்’ என்று எழுதினால் விளக்கு லப்-டப், லப்-டப் என்று துடிக்க ஆரம்பிக்கும். கூலர் அறையில் இருக்கும் பால்காரரிடம் போனில், “விளக்கு துடிக்குதாண்ணே?” என்று கேட்டால் போதும். மானிட்டரை விட எனக்கு இது பிடிக்கும்.

“வந்துவிட்டேன்” தகவலை இந்த ஸ்கிரிப்ட்டில் வைக்காதீர்கள். அது நெட்டை நம்பியது. வெப்பநிலை அனுப்பும் ஸ்கிரிப்ட்டே முதல் அளவை அனுப்பும்போது அதுதான் தகவல்.

கடைசியாக, பத்து கார்டும் ஒரே மாதிரி இருக்கும். மைக்ரோ எஸ்டியில் ஸ்டிக்கர் ஒட்டினால் செருகுமிடத்தில் சிக்கிக்கொள்ளும். நான் நெயில் பாலிஷில் புள்ளி வைப்பேன்; தாய்க் கார்டுக்குச் சிவப்பு.

கேள்வி: மேடம், ஆல்பைனில் லோக்கல்.டி-க்குள் ஸ்கிரிப்ட் வைத்து, முதல் பூட்டில் பேக்கேஜ் டவுன்லோடு செய்து நிறுவும்படி எழுதினேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது. பூட்டில் ஒன்றும் நடப்பதில்லை. (பொறியியல் மாணவர், நாகர்கோவில்)

பதில்: மேலே நான் வேண்டாம் என்று சொன்னதையே செய்கிறீர்கள். பரவாயில்லை, கற்றுக்கொள்ள நல்ல வழி. உங்கள் ஸ்கிரிப்ட்டை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன்.

முதல் வரி ‘பாஷ்’ என்ற ஷெல்லை ஓட்டச் சொல்கிறது. ஆல்பைனில் நீங்களாக நிறுவாதவரை பாஷ் கிடையாது, பிஸிபாக்ஸின் ஆஷ்தான். நீங்கள் கையால் ஓட்டியபோது முன்னால் ‘எஸ்ஹெச்’ போட்டு ஓட்டியிருப்பீர்கள். அப்போது முதல் வரியை யாரும் பார்ப்பதில்லை. பூட்டில் அந்த வரியைத்தான் பார்க்கும். பாஷைத் தேடும், கிடைக்காது, “நாட் ஃபவுண்ட்” என்று சொல்லி நகர்ந்துவிடும். கோப்பு கண்ணெதிரே இருக்க, கோப்பைக் காணோம் என்கிறதே என்று குழம்புவீர்கள். விண்டோஸ் நோட்பேடில் திருத்தினாலும் இதே செய்தி வரலாம்: வரி முடிவில் ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தால் ‘எஸ்ஹெச்’ என்ற பெயரே வேறாகிவிடுகிறது. உபுண்டுவில் கம்பைல் செய்த புரோகிராமைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே “நாட் ஃபவுண்ட்”தான். அங்கே சி லைப்ரரி ஜிலிப்சி, இங்கே மஸ்ல்.

அடுத்தது நெட். நெட்வொர்க்கிங் சர்வீஸ் எழுந்துவிட்டது என்றால் நெட் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வைஃபை இணைந்து, ரவுட்டர் முகவரி கொடுக்கச் சில நொடிகள் ஆகும். இரண்டு நொடிக்கு ஒரு தடவை, வெளியே ஒரு பெயர் தேடிக் கிடைக்கிறதா என்று பார்க்கும் ஒரு சுற்று எழுதுங்கள். ஸ்லீப் 60 என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ரவுட்டரும் பெட்டியும் ஒரே நேரத்தில் எழும் கரண்ட் கட்டுக்குப் பிறகு அறுபது நொடி போதாது.

மூன்றாவது, கடிகாரம். உங்களிடம் இருப்பது பை 3. அதில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. ஒவ்வொரு பூட்டிலும் பெட்டி பழைய தேதியில் எழும், பெரும்பாலும் 1970-இல். உங்கள் ஸ்கிரிப்ட் ஹெச்டிடிபிஎஸ் தளத்திலிருந்து ஒரு கோப்பை எடுக்கிறது. 1970-இல் இருக்கும் பெட்டிக்கு இந்தக் காலத்துச் சான்றிதழ் “இன்னும் செல்லுபடியாகாதது”. மறுத்துவிடும். கையால் ஓட்டும்போது நேரம் சரியாகியிருக்கும், அதனால் ஓடும். நெட் வந்ததும் பிஸிபாக்ஸின் ‘என்டிபிடி’யை, நேரத்தைச் சரிசெய்துவிட்டு வெளியேறச் சொல்லும் ‘-க்யூ’வோடு ஒரு தடவை ஓட்டிவிட்டு, அப்புறம் மற்றதைச் செய்யுங்கள். ஏபிகே தன் பேக்கேஜ்களைக் கையொப்பம் வைத்துச் சோதிப்பதால், அதன் முகவரிகளைச் சாதாரண ஹெச்டிடிபியில் வைத்தாலும் பேக்கேஜை யாரும் நடுவில் மாற்ற முடியாது. இந்த 1970 சிக்கலுக்கு அது ஒரு சுற்றுவழி.

ஸ்கிரிப்ட்டின் வெளியீட்டை ‘வார் லாக்’ ஃபோல்டரில் எழுதுகிறீர்கள். டிஸ்க்லெஸ் முறையில் அதுவும் ரேம், அணைத்தால் போச்சு. சோதிக்கும் நாட்களில் மட்டும் கார்டை எழுத அனுமதித்து அங்கே பதியுங்கள், கார்டை எடுத்து லேப்டாப்பில் படிக்கலாம்.

கேள்வி: தாய்க் கார்டெல்லாம் வேண்டாம், அந்த ஏபிகேஓவிஎல் டார் கோப்பை லேப்டாப்பிலேயே கையால் செய்து பார்த்தேன். பூட் ஆகிறது, ஆனால் பாதி சர்வீஸ்கள் எழவில்லை, கெர்னல் மாட்யூல்கள் கூட இல்லை. (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் டார் கோப்பில் ஈடிசிக்குள் ‘.டிஃபால்ட்_பூட்_சர்வீசஸ்’ என்ற காலிக் கோப்பு ஒன்றை வையுங்கள். முன்னால் புள்ளி உண்டு. ஏபிகேஓவிஎல் கிடைத்துவிட்டால், “எல்லாம் இவர் சொல்வதுபடி” என்று ஆல்பைன் தன் வழக்கமான சர்வீஸ்களைச் சேர்க்காமல் விட்டுவிடும். அந்தக் காலிக் கோப்பைப் பார்த்தால்தான் வழக்கமானதையும் சேர்த்துக்கொண்டு, கோப்பை அழித்துவிடும். டார் செய்யும்போது கோப்புகளின் உரிமையாளர் ரூட்டாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப் பயனரின் எண் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எஸ்எஸ்ஹெச் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: ரீபூட் செய்தால் நிறுவிய பேக்கேஜ் எல்லாம் காணாமல் போகிறது. ஆல்பைனில் ஏதோ கோளாறு. (ஈரோடு)

பதில்: கோளாறு இல்லை, அதுதான் டிஸ்க்லெஸ். ‘எல்பியூ கமிட்’ அடித்தீர்களா? கேஷ் வைத்தீர்களா? கமிட் செய்து கேஷ் வைக்காவிட்டால் பட்டியல் இருக்கும், பேக்கேஜ் இருக்காது. ஓய்வில்லாமல் டேட்டா எழுதும் வேலை என்றால் இந்த முறையே உங்களுக்கு வேண்டாம். கார்டில் முழுதாக நிறுவிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருபது பழைய டெஸ்க்டாப். எல்லாவற்றிலும் ஹார்ட் டிஸ்க்கில் ஆல்பைன் ஏற வேண்டும், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. (மதுரை, ஆய்வக உதவியாளர்)

பதில்: ‘செட்டப்-ஆல்பைன்’ கேட்கும் கேள்விகளுக்கு விடைத்தாள் முன்கூட்டியே கொடுக்கலாம். ‘-சி’ போட்டு ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால் மாதிரி விடைத்தாளை எழுதித் தரும். கீபோர்டு, பெயர், நெட்வொர்க், நேர மண்டலம், எஸ்எஸ்ஹெச், டிஸ்க் எல்லாம் வரிவரியாக இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ‘-எஃப்’ போட்டு அந்தக் கோப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் இரண்டு இடத்தில் நிற்கும். ரூட் பாஸ்வேர்டு கேட்கும். ‘-ஈ’ போட்டால் காலியாக விட்டுவிடும், பிறகு நீங்கள் மாற்றியே ஆக வேண்டும். டிஸ்க்கை அழிக்கட்டுமா என்று கேட்கும். ‘எரேஸ்_டிஸ்க்ஸ்’ என்ற மாறியில், பெரிய எழுத்தில், டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டால் கேட்காது.

யூஎஸ்பி செருகினால் தானாகவே எல்லாம் நடக்க வேண்டுமானால், இதே கட்டளையை லோக்கல்.டி ஸ்கிரிப்ட்டில் வைத்து ஏபிகேஓவிஎல் செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டிஸ்க்கில் நிறுவும்போது, ஓடிக்கொண்டிருக்கும் ஈடிசியின் அமைப்புகள் டிஸ்க்குக்கும் போகும், உங்கள் ஸ்கிரிப்ட் உட்பட. டிஸ்க்கிலிருந்து முதல் தடவை எழும்போது அது மறுபடியும் ஓடி, “டிஸ்க்கை அழி” என்று ஆரம்பிக்கும். செட்டப்-ஆல்பைனைக் கூப்பிடும் முன்பே ஸ்கிரிப்ட் தன்னை அழித்துக்கொள்ளட்டும். அதோடு, அந்த யூஎஸ்பியைத் தெரியாத கையில் கொடுக்காதீர்கள். அது செருகிய எந்திரத்தைக் கேட்காமல் துடைக்கிற யூஎஸ்பி.

கேள்வி: கார்டை யாராவது கழற்றிக்கொண்டு போனால் வைஃபை பாஸ்வேர்டு போய்விடாதா? ‘டபிள்யூபிஏ_பாஸ்ஃப்ரேஸ்’ போட்டு மறைத்தால் போதுமா? (கோவை)

பதில்: போய்விடும், மறைத்தாலும். அந்தக் கட்டளை உங்கள் பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் கலந்து 64 எழுத்துச் சாவி செய்கிறது. பாஸ்வேர்டு அப்படியே தெரியாது. ஆனால் அந்த 64 எழுத்தை வைத்தே உங்கள் நெட்வொர்க்கில் நுழையலாம். வங்கிக் கணக்குக்கும் வைஃபைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பவர்களுக்கு அது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அதோடு, வெளியீட்டில் அசல் பாஸ்வேர்டையும் குறிப்பு வரியாக எழுதிவைக்கும். அதை அழிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். ரவுட்டரில் பெட்டிகளுக்கென்று தனி நெட்வொர்க் திறந்து, அதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தொட முடியாமல் செய்வதே வழி.

கேள்வி: அலுவலகத்தில் முதல் பூட்டு அமைப்புகளுக்கு க்ளவுட்-இனிட் பயன்படுத்துகிறோம். ஆல்பைனிலும் அதையே வைத்தால் என்ன? (சென்னை)

பதில்: வைக்கலாம், பேக்கேஜ் இருக்கிறது. உபுண்டுவை அமேசானின் வாடகைக் கம்ப்யூட்டர்களான ஈசி2-வில் ஓட்டுவதற்காகப் பிறந்த கருவி அது. பயனர், பேக்கேஜ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவிடலாம், நெட்வொர்க்குக்கு மட்டும் தனிக் கோப்பு. ‘சிஐடேட்டா’ என்று பெயரிட்ட பார்ட்டிஷனில் அந்தக் கோப்புகளை வைத்தால் க்ளவுட் இல்லாத பெட்டியிலும் வேலை செய்யும். ஆனால் முழுக்கப் பைத்தான். சின்னப் பெட்டியில் ஒரே ஒரு தடவை ஓடும் வேலைக்காகப் பைத்தானையும் அதன் பரிவாரத்தையும் ரேமில் உட்கார வைப்பது எனக்கு மனசாகாது. ஆல்பைன்காரர்கள் ‘டைனி-க்ளவுட்’ என்று ஷெல்லிலேயே எழுதிய சின்னது ஒன்று தருகிறார்கள். க்ளவுட்டில் ஆல்பைன் ஓட்டுபவர்களுக்கு அது. பல்க் கூலருக்கு லோக்கல்.டி போதும்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் பூட் பார்ட்டிஷனில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பை வைத்தால் வைஃபை சேர்ந்துவிடுமே, இப்போது ஏன் சேருவதில்லை? (புதுச்சேரி)

பதில்: 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து அங்கே நெட்வொர்க்மேனேஜர் வந்துவிட்டது, அந்தப் பழைய வழி அதோடு போனது. 2022-லேயே ‘பை’ என்ற இயல்புப் பயனரையும் எடுத்துவிட்டார்கள். கார்டு எழுதும் இமேஜர் புரோகிராமிலேயே வைஃபை, பயனர், எஸ்எஸ்ஹெச் எல்லாம் கொடுத்துவிடுங்கள். கோப்பில் எழுதுவதுதான் பிடிக்கும் என்றால் டயட்பை என்ற சின்ன லினக்ஸைப் பாருங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ‘டயட்பை-வைஃபை.டிஎக்ஸ்டி’யில் எழுதி, ‘டயட்பை.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பில் ‘ஆட்டோ_செட்டப்_ஆட்டோமேட்டட்’ என்பதை 1 ஆக்கி, வேண்டிய மென்பொருளின் எண்ணை எழுதிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அந்த ‘ஆட்டோ’ மாறியின் பெயர் பெரிய எழுத்தில். ஆனால் முதல் பூட்டில் நெட்டிலிருந்து நிறைய இறக்கும். மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள்.

கேள்வி: ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டர்கள் பதினைந்து. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு, ஒரே பேக்கேஜ்கள். ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் செய்கிறேன். வேறு வழி? (இன்டர்நெட் இணைப்பு தருபவர், தேனி)

பதில்: இமேஜ்பில்டர் எடுங்கள். வேண்டிய பேக்கேஜ் பெயர்களையும், உங்கள் கோப்புகள் இருக்கும் ஒரு ஃபோல்டரையும் கொடுத்தால் எல்லாம் சேர்ந்த ஒரே ஃபர்ம்வேர் செய்து தரும். ஃப்ளாஷ் செய்ததும் பேக்கேஜ் உள்ளேயே இருக்கும். பல ரவுட்டர்களில் ஃப்ளாஷ் இடம் 16 எம்பி போலத்தான் என்பதால், சுருக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே பேக்கேஜ் போய்விடுவது இடத்துக்கும் நல்லது.

ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும் பெயர், சேனல் போன்றவற்றுக்கு ஈடிசிக்குள் ‘யூசிஐ-டிஃபால்ட்ஸ்’ என்ற ஃபோல்டரில் ஸ்கிரிப்ட் வையுங்கள். முதல் பூட்டில் ஓடும். வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பினால் கோப்பு அழிக்கப்படும். வேறு எண் திருப்பினால் அடுத்த பூட்டில் மறுபடி ஓடும். அதனால் கடைசி வரி ‘எக்ஸிட் 0’வாக இருக்கட்டும், ஆனால் தோற்றபோது அங்கே போய்ச் சேரக் கூடாது.

அழிக்கப்படும் என்றேன், அழிவது மேல் அடுக்கில்தான். ஃபர்ம்வேருக்குள் அசல் பத்திரமாக இருக்கும். வாடிக்கையாளர் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் ரவுட்டர் உங்கள் அமைப்புக்கே திரும்பும் என்பது இதில் லாபம். புது ஃபர்ம்வேர் ஏற்றும்போதும் ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும். வாடிக்கையாளர் மாற்றி வைத்திருந்த வைஃபை பெயரைத் துடைத்துப் பழையதை எழுதிவிடும், ராத்திரியில் போன் வரும். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக, வைஃபை பெயர் இன்னும் ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ (ஓ, டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து) என்றே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மட்டும் எழுதட்டும்.